கடைசி யார்?

எங்கள் சாந்தியாகோவில் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் முதலில் மருந்தைக் கேட்பதில்லை. "கடைசி யாருங்க?" என்றுதான் கேட்பார்கள். நிழலில் உட்கார்ந்திருக்கும் யாராவது கையைத் தூக்குவார். அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பயறு வேகப்போட்டுவிட்டுக்கூடத் திரும்பலாம். வரிசை என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. யார் யாருக்குப் பின்னால் என்பது அவரவர் தலைக்குள் இருக்கும்.

என் பிழைப்பே அதில்தான். மருந்துக்கு அரசாங்கம் வைத்த விலையில் ஒரு வாய் காபி கிடைக்காது. மலிவுதான், ஆனால் யாருக்கு மலிவு? விடியுமுன் வந்து நிற்கக் கால் உள்ளவனுக்கு. முடியாதவர்கள் நான் பிடித்து வைத்த இடத்தை வாங்கிக்கொள்கிறார்கள். என்னைத் திட்டாத வாய் இந்தத் தெருவில் இல்லை, என்னிடம் வாங்காத கையும் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் என் முதல் இடத்தை விற்பதாக இல்லை. தம்பி எவேலியோவின் வலிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. போன தடவை மாத்திரை கிடைக்காதபோது அடுப்பின் மேலேயே விழுந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோயிற்று. இன்றைக்கு மருந்து லாரி வந்திருந்தது, நான் மூன்றாவது ஆள்.

அப்போதுதான் மிக்டாலியா வந்தாள். என் தொழில்காரிதான், ஆனால் பெரிய கை. யார் யார் பேரிலோ மருந்துச் சீட்டு வைத்திருப்பாள். வாங்கி வீட்டிலிருந்தே விற்பாள். பையைத் திறந்து காட்டினாள். ஒரு பாட்டில் எண்ணெய், ஓர் அட்டை முட்டை.

"உன் எடத்தைக் குடு இடால்மிஸ்."

"இன்னைக்கு இல்லக்கா. தம்பிக்கு வாங்கணும்."

"உனக்கு ஒரே ஒரு எடம்தானா? யார் காதுல பூ சுத்துற?"

அவள் சொன்னது சரி. காலையிலேயே பச்சைத் தொப்பிக்காரன் ஒருவனுக்குப் பின்னால் இன்னோர் இடமும் பிடித்திருந்தேன். அதுவும் முன்பக்கம்தான். வீட்டிலோ மூன்று நாளாய் உப்புப் போட்ட வெறும் சோறு. முட்டையைப் பார்த்ததும் எவேலியோவின் முகம்தான் கண்ணில் வந்தது. இடத்தைக் கொடுத்துப் பையை வாங்கிவிட்டேன். பேராசை என்று சொல்கிறவர்கள் மூன்று நாள் வெறும் சோறு தின்றுவிட்டு வந்து சொல்லட்டும்.

பச்சைத் தொப்பியைத் தேடினேன். மரத்தடியில் இல்லை, படிக்கட்டில் இல்லை, முக்குக் கடையிலும் இல்லை. வேறெந்தக் கடைக்கோ கோழி வந்ததென்று கேள்விப்பட்டுப் போயிருப்பான். பாவி, ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதனால் மட்டும் இடம் போய்விடாது. அவன் யாருக்குப் பின்னால் இருந்தான் என்று தெரிந்தால், அந்த ஆளுக்குப் பின்னால் நான் போய்க்கொள்ளலாம். "கடைசி யார்னு மட்டும் கேக்காதீங்க, அவங்க யாருக்குப் பின்னாலன்னும் கேட்டு வைங்க" என்று வாங்குகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவளே நான்தான். இன்று கேட்கவில்லை. விற்கப்போகிற இடம்தானே என்ற அலட்சியம்.

ஜன்னல் திறந்தது. சிதறிக் கிடந்தவர்களெல்லாம் நொடியில் ஒரே கோடாக நின்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் அதில் நுழைய இடுக்கில்லை.

"பச்சைத் தொப்பி போட்டவரு யாருக்குப் பின்னால இருந்தாரு? யாராச்சும் சொல்லுங்களேன்."

வில்ஃப்ரெடோ கிழவர் திரும்பினார். போன மாதம் என்னிடம் இடம் வாங்கத் தன் ரேடியோவைக் கொடுத்தவர்.

"முகம் இல்லேன்னா எடம் இல்ல. நீதானம்மா சொல்லுவ."

"விக்கிறதுக்கு இல்ல தாத்தா. எவேலியோவுக்கு."

"எல்லாரும் யாருக்காவதுதான் நிக்கிறோம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "இடால்மிஸுக்கே எடம் இல்லையாம். வெலைக்கு ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு." கிழவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒருவேளை அவருக்குப் பின்னால்தான் அந்தத் தொப்பிக்காரன் இருந்தானோ என்னவோ.

தெருமுனைக்குப் போய், "கடைசி யாருங்க?" என்றேன். ஒரு கர்ப்பிணிப் பெண் கையைத் தூக்கினாள். "நீ யாருக்குப் பின்னாலம்மா?" என்று மறக்காமல் கேட்டுக்கொண்டேன். வரிசை பாதி நகர்வதற்குள் வலிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள்.

சீட்டுகளையெல்லாம் நீட்டி வாங்கிக்கொண்டு மிக்டாலியா ஜன்னலை விட்டு வந்தபோது ஓடிப்போய்ப் பையை நீட்டினேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கக்கா. ஒரு அட்டை மாத்திரை குடு போதும்."

"இது எடத்தோட வெல. மாத்திரை வெல வேற." பையை மெதுவாக என் பக்கமே தள்ளினாள். "இதே மாதிரி இன்னும் மூணு பை கொண்டா, தர்றேன்."

அவள் குரலில் கோபமில்லை. கிழவரின் ரேடியோவை வாங்கும்போது நான் பேசிய அதே குரல். காலைப் பிடித்தேன். நகர்ந்து போய்விட்டாள்.

வீட்டில் எவேலியோ பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். முப்பது வயது ஆள், சின்னப் பிள்ளைபோல் முட்டைகளைத் தடவிப் பார்த்தான்.

"நீ உக்காருக்கா. விடியறதுக்கு முன்னாடி போன கால். நானே பொரிக்கிறேன்."

"வேணாம்டா. தள்ளு, நான் பாத்துக்கறேன்."

"அட, உக்காருன்னா." அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயை ஊற்றினான். "மாத்திரைய மேஜை மேல வச்சிடு. சாப்பிட்டுப் போட்டுக்கறேன்."

மாத்திரை வந்ததா என்று அவன் கேட்கவே இல்லை. நான் வெறுங்கையோடு திரும்புவேன் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. எண்ணெய் காயத் தொடங்கியது. நான் எழுந்துபோய், விழுந்தால் பிடிக்கத் தோதாக, அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.