கோர்சினின் புது பூட்ஸ்

எனக்கு ரகசியம் தங்காது. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. அப்படியிருந்தும் கோர்சின் என்னிடம் வந்து, "செரைனா, சனிக்கிழமை பனியாத்துக்கிட்ட போனதும் மத்லைனாகிட்ட கேட்டுடப் போறேன். என்னைக் கட்டிக்கிறியான்னு. நீ வாயைத் திறக்காத" என்றான். அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் எங்கள் வகுப்புக்கு மொத்தமே நான்கு பேர். நான், கோர்சின், மத்லைனா, டூரி. இப்போது எல்லோருக்கும் நாற்பத்தாறு வயது. ஜூலையில் முதல் புல்லறுப்பு முடிந்த சனிக்கிழமை நால்வரும் மலை மேலே உறைந்து கிடக்கும் பனியாறு வரை நடப்போம். அதன் ஓரத்தைக் கையால் தொட்டுவிட்டு, ஒரு துண்டு ஐஸ் உடைத்துத் தகரக் கோப்பைகளில் போட்டு, ஆளுக்கு ஒரு மடக்கு பழச்சாராயம் குடித்துவிட்டுத் திரும்புவோம். ஒரு வருடமும் தவறியதில்லை.

இந்த வருடம் அவசரம். மத்லைனா வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். சூரிச்சில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் மனம்விட்டுப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கோர்சின் கேட்டால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், 'கேளுடா, கேளுடா' என்று வசந்தத்திலிருந்தே அவனை அரித்ததும் நான்தான்.

சனிக்கிழமை காலை முதல் ரயிலுக்கு வந்த கோர்சினைப் பார்த்து டூரி, "என்னடா, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க?" என்றான். எனக்குப் பகீரென்றது. டூரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனிடமும் 'உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்' என்று கோர்சின் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, மத்லைனா கோர்சினின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது பூட்ஸா?"

"வாங்கி இருபத்தோரு வருஷம் ஆச்சு. மூணே தடவைதான் போட்டேன். கிரீஸ் தடவி, பேப்பர் சுத்தி நிலவறையில வச்சிருந்தேன். ஒரு கீறல் இருக்கா பாரு" என்றான் பெருமையாக. கோர்சின் கூரை போடும் தச்சன். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பான்.

ரயிலை விட்டு இறங்கிய இடத்தில் மஞ்சள் வழிகாட்டிப் பலகை பனியாற்றுக்கு மூன்று மணி நேரம் என்றது. அதைத் தோற்கடிக்காமல் நாங்கள் ஒருநாளும் விட்டதில்லை. காட்டை விட்டு வெளியே வந்ததும் மலைச்சரிவு முழுக்க ஆல்ப்ஸ் ரோஜா சிவந்து கிடந்தது. அதற்கு மேலே புல்வெளியில் ஜென்ஷியன் பூக்கள், அப்படி ஒரு நீலம். கால் வைக்க இடமில்லாமல் தாண்டித் தாண்டிப் போனோம். எதிரே வந்த எல்லோருக்கும் "அலேக்ரா" என்று எங்கள் ஊர் வணக்கம் சொன்னோம். நான் கத்திக் கத்திச் சொன்னேன். வேறு எதையும் சொல்லக் கூடாதே.

"இவளுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றாள் மத்லைனா.

"வெயில்" என்றான் டூரி.

பனியாறு உருகிப் பின்வாங்கியதில் விட்டுப்போன கற்காட்டுக்கு வந்தபோது இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கற்களுக்கு நடுவே இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. எதிரே பனியாறு பளபளத்தது. இன்னும் இருபது நிமிட நடை. கோர்சினைவிட நான்தான் அவசரமாக நடந்தேன், ஏதோ என்னைத்தான் கேட்கப்போகிறான் என்பதுபோல்.

அப்போது கோர்சினின் இடது பூட்ஸின் அடிப்பாகம் கழன்று பின்னால் கிடந்தது.

அவன் குனிந்து அதை எடுத்தான். கைபட்டதும் உள்ளேயிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான்கு அடி நடந்தான், வலதும் கழன்றது. டூரி மலைமீட்புக் குழுவில் இருப்பவன். தலையில் அடித்துக்கொண்டான்.

"டூரிஸ்ட்டுக்கெல்லாம் இதைத்தான்டா வருஷா வருஷம் சொல்றேன். பழைய பூட்ஸை நம்பாதீங்கன்னு. நம்ம ஆளே இப்படிப் பண்றான்."

"போடாம வச்சிருந்தா பத்திரமா இருக்கும்னு நினைச்சியாக்கும்" என்றாள் மத்லைனா. "நடந்தாதான்டா பூட்ஸ் உழைக்கும்."

டூரி நாடா சுற்றிக் கட்டினான். அது ஓடை வரைக்கும்தான் தாங்கியது. ஓடையைத் தாண்டும்போது ஒரு அடிப்பாகம் தண்ணீரோடு போயே போய்விட்டது. கோர்சின் ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

"நீங்க போயிட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவன் காதருகே போய், "இங்கயே கேளுடா, எருமை" என்று பல்லைக் கடித்தேன்.

"ஐஸ்கிட்டதான் கேப்பேன். அங்கதான்னு முடிவு பண்ணியாச்சு" என்றான் பிடிவாதமாக. கண் கலங்கியிருந்தது. திட்ட மனம் வரவில்லை.

மத்லைனா எங்கள் இருவரையும் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள். கோப்பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பனியாற்றை நோக்கி நடந்தாள். நடையா அது, ஓட்டம்.

நாங்கள் மூவரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. கோப்பையிலிருந்த பனிக்கட்டியை எடுத்துக் கோர்சினின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஐஸ் வந்தாச்சு. இப்ப கேளு."

"யாரு சொன்னா?" கோர்சின் என்னை முறைத்தான்.

"யாராவது சொல்லணுமா? ஆறு வருஷமா ஐஸைத் தொட்டதும் தொண்டையைச் செருமுற. அப்புறம் எதுவும் கேக்காம பாலாடைக்கட்டியை நீட்டுற. சீக்கிரம் கேளு, உருகுது. இன்னொரு தடவை போக மாட்டேன்."

தண்ணீர் அவன் விரல் வழியே சொட்டியது.

"என்னைக் கட்டிக்கிறியா? சூரிச்சுக்குப் போகாம, இங்கயே, என்கூட?"

"கட்டிக்கிறேன்" என்றாள். "ஆனா சூரிச்சுக்குப் போறேன். நேத்தே எழுதி அனுப்பிட்டேன். கூட இருக்கணும்னா நீ வா. அங்கேயும் வீட்டுக்குக் கூரை போடுறாங்க."

ஒரு ஆணி வாங்க மூன்று நாள் யோசிக்கிறவன் அவன். அவனா இந்த ஊரை விட்டுப் போவான்? நான் அவன் முகத்தையே பார்த்தேன். கையில் பனிக்கட்டி கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது.

"வர்றேன்" என்றான்.

டூரி ஓவென்று கத்திக்கொண்டு சாராயத்தைக் கோப்பைகளில் ஊற்றினான். மத்லைனா சிரித்தாள், கோர்சின் வெறுங்காலோடு பூக்களுக்கு நடுவே நின்று அவளைக் கட்டிக்கொண்டான். நான் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"பாரு, நம்மளவிட இவளுக்குத்தான் சந்தோஷம்" என்றான் கோர்சின்.

சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் அவளை ஊரில் நிறுத்தி வைக்கத்தான் நான் இவனை உசுப்பிவிட்டேன். இப்போது இரண்டு பேருமே போகிறார்கள்.