அக்காவைப் பார்க்கக் கிளம்பிய கல்

தங்கையின் கல்லறைக்கல் அக்காவைப் பார்க்கக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது கல் நின்ற இடத்தில் ஈரப் பள்ளம்தான் இருந்தது. சரளைப் பாதையில் இழுபட்ட தடம் வாசல் வரை போய் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கல்லறைத் தோட்டத்தின் இணையதளத்தைத் திறந்து, அந்தக் கல்லுக்கு உறவினர் என்று முந்தின நாள் பதிவு செய்திருந்த பெண்ணின் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தார். "மேடம், உங்க சித்தி இங்க இல்லீங்க. கேட் வழியாத்தான் போயிருக்காங்க. உங்க பக்கம் வந்தா ஒரு போன் பண்ணுங்க, நான் பள்ளத்தை மூடிடுறேன்."

அந்தப் பெண் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பாடத்துக்கு வருகிறவர்கள் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை என்பதால், அவளுடைய பாதி வாழ்க்கை நிறுத்திய காருக்குள் கைபேசியோடுதான் கழிந்தது. ஊர் ஊராகப் போய்க் கல்லறைகளைப் படமெடுத்து, பெயரும் வருடமும் சேர்த்து இணையத்தில் ஏற்றுகிற ஆட்கள் இருப்பது அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தது. அம்மாவைத் தவிர அவளுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், "நான் ஒத்தை" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள். மகள் தாத்தாவின் பெயரைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அலுப்பில் அம்மாவின் பெயரையே தட்டினாள். அம்மா குத்துக்கல்லாட்டம் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, தூரத்து ஊரில் ஒரு கல்லறை வந்து நின்றது. மேலே வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே மனைவி என்றோ தாய் என்றோ இல்லாமல், அம்மாவின் முழுப்பெயரைப் போட்டு, 'அவளுடைய தங்கை' என்று மட்டும் செதுக்கியிருந்தது.

படத்தைக் காட்டியபோது அம்மா, "யாரோ" என்றாள். பிறகு கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மூன்றாவது முறை கழுவும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தங்கை தையற்காரி. ரேடியோ பழுதுபார்க்கிற ஒருவரோடு இருபது வயதில் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். போனதில்கூட அம்மாவுக்குக் கோபமில்லை. "என்கிட்ட கூட ஒரு வார்த்தை சொல்லலையேடி. அன்னிக்கு நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். வாயைத் திறக்காம உக்காந்திருந்தா." அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. மகள் தன் அறைக்குப் போய், உறவினர் பதிவு என்ற இடத்தில் 'அக்கா மகள்' என்று எழுதினாள்.

கல்லுக்கு முட்டிவலிக்காரர்களின் நடை. மழைக்காலம் முழுக்க வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்கள் ஒலியெழுப்பாமல் ஒதுங்கிப் போனார்கள். சுங்கச்சாவடியில் அதை வாகனம் என்று சொல்ல முடியாததால் விட்டுவிட்டார்கள். ஒரு கடைத்தெருவில் தையல் மெஷின் கடைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க நின்றதாகவும், கடைக்காரர் மரியாதைக்கு இரண்டு புது மாடல்களை ஓட்டிக் காட்டியதாகவும் தகவல் வந்தது. மகள் தன் மாணவர்களை நெடுஞ்சாலைக்கே கூட்டிப்போய், பயிற்சிப் பலகை மாட்டிய காரைச் சித்திக்குப் பின்னால் மெதுவாக ஓட்டவைத்தாள். அந்த வருடம் அவளிடம் கற்றவர்களைப்போல நிதானமாகக் கார் ஓட்டியவர்கள் யாருமில்லை. அம்மா எதுவும் காதில் விழாததுபோல இருந்தாள். ஒருநாள் மட்டும் ஜன்னலைத் துடைத்தபடியே கேட்டாள்: "எதுவரைக்கும் வந்திருக்கா?"

"பாலம் தாண்டிட்டாங்கம்மா."

"மெதுவா வரச் சொல்லு. அவசரப்பட்டா மூச்சிரைக்கும் அவளுக்கு."

வீடு இரண்டாவது மாடி. படிக்கட்டின் அடியில் வந்து கல் நின்றுவிட்டது. குடியிருப்பவர்கள் கயிறு கட்டித் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, முட்டிவலியால் மாதக்கணக்கில் படியிறங்காத அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். எதிரில் நின்று மூச்சு வாங்கினாள்.

"சொல்லிட்டுப் போயிருந்தா நான் தடுத்திருப்பேனா?" என்றாள்.

கல் நின்றது. எல்லோரும் நின்றார்கள்.

"தடுத்திருப்பேன்தான்" என்றாள் அம்மா. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, வழியெல்லாம் அப்பியிருந்த சேற்றை எழுத்து எழுத்தாகத் துடைத்துவிட்டாள். துடைத்து முடிக்கும்வரை அழுதாள், யாரையும் பக்கத்தில் வரவிடாமல்.

அதற்குப் பிறகு படிக்கட்டின் அடியிலேயே கல் குடியிருந்தது. கடிதம் கொண்டுவருபவர் அதன்மேல் பையை வைக்கும்முன் அனுமதி கேட்பார். அம்மா தினமும் காலையில் கீழே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்பது வருடச் சண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். சண்டை தீர்ந்ததும் மகளைப் பற்றிக் குறை சொன்னாள். அம்மாவின் முட்டிவலி குறைந்தது. அப்படியே ஒன்பது வருடம் போனது.

அம்மா ஒரு மதியம் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தாள். மறுநாள் பார்த்தால் படிக்கட்டின் அடியில் கல் இல்லை. மகள் தேடவில்லை. அம்மாவை ஏற்றிய வண்டியைப் பின்தொடர்ந்து, மகளிடம் ஓட்டப் பழகியவர்கள் வரிசையாகக் காரோட்டி வந்தார்கள். ஊர் எல்லைக் கல்லறைத் தோட்டத்தில், நல்ல நிழலுள்ள மூலையில், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுக் கல் நின்றிருந்தது. குழி வெட்டுகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தம்மா காலையிலேயே வந்து இடம் புடிச்சுட்டாங்க. இங்கேயே வெட்டிடலாம்ல?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"வெட்டுங்க" என்றாள் மகள்.