பல்கனியில் கட்டிய துணி

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து இறங்கும் தமிழர்களைச் சி.என். ரவர் என்கிற உயரக் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது எப்படித் தன்னுடைய வேலையாகிப் போனது என்று பத்மநாதனுக்கே சரியாகத் தெரியாது. எண்பத்து நாலில் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் இன்னொருத்தனுக்குச் சொன்னான். பத்மநாதனிடம் ஒரு கமெரா இருந்தது. ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் வேலையில் அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு. மற்றவர்கள் இரண்டு வேலை செய்துகொண்டு நித்திரைக்கே நேரமில்லாமல் அலைந்தார்கள். ஆகவே ஒரு வீட்டில் ஆள் வந்து இறங்கியதும், "பத்மநாதன் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, அவர் கொண்டுபோய்க் காட்டுவார்" என்பது வழக்கமாகிவிட்டது.

அதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். ரவருக்குப் போகிற அன்று காலையில் வீட்டுக்காரர் பல்கனிக் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட வேண்டும். சேலையோ துவாயோ, சிவப்பாக இருந்தால் சரி. மேலே போனதும் தொலைநோக்கியில் காசைப் போட்டு, அவன் முதலில் அதைத் தேடிப் பிடிப்பான். பிறகு வந்தவரைக் குனியச் சொல்லுவான்.

"அந்தா, சிவப்பா ஆடுது, தெரியுதோ? அதுதான் உங்கட வீடு."

அந்த இடத்தில்தான் ஆட்கள் வாய் திறப்பார்கள். அதுவரை ஓம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்கூட, அத்தனை கட்டடங்களுக்கு நடுவில் தனக்காக ஒரு துணி ஆடுவதைக் கண்டதும் கதைக்கத் தொடங்கிவிடுவார். கொழும்பில் ஒளித்திருந்த அறை, மொன்றியல் விமான நிலையத்தில் கேட்ட கேள்விகள், விட்டுவந்த பிள்ளை, எல்லாம் வரும். கண்ணாடி ஓரமாக வட்டத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கேட்டு முடித்துவிடலாம். பத்மநாதன் அப்படிப் பலருடைய வாழ்க்கையைக் கேட்டிருந்தான். அவனுக்கென்று ஒருத்தரும் துணி கட்டியதில்லை. அவன் அப்போது நிலக்கீழ் அறை ஒன்றில் இன்னும் நாலு பேரோடு முறை வைத்து நித்திரை கொண்டவன்.

"ரவர்காரர் உமக்குச் சம்பளம் தரவேணும் அண்ணை," என்பான் தியாகலிங்கம். அந்த நாலு பேரில் ஒருத்தன். ஊரிலும் பக்கத்து ஒழுங்கை. "குறைஞ்சது ஒரு தொப்பியாவது தரலாம்."

தியாகலிங்கம் பிறகு கார் வாங்கி, நகரத்துக்கு வெளியே பிறம்ரனுக்குக் குடிபோனான். போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தான். எண்பத்தெட்டு மாசிக்குப் பிறகு வரவில்லை. ஒருநாள் பார்லிமென்ற் தெருவில் இருக்கிற தமிழ்க் கடையில் கண்டபோது, வெங்காயத்தைப் பொறுக்கியபடியே குளிரைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, வெங்காயத்தை வாங்காமலே போய்விட்டான். அவன் மட்டுமில்லை. அந்த மாதத்திலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரிடமும் கார் வந்துவிட்டது, இனி என்னத்துக்கு நான் என்று பத்மநாதன் நினைத்துக்கொண்டான். கோபம் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகள் மட்டும் நீண்டுபோயின.

அந்த ஆண்டு ஆவணியில் மனைவி வந்தாள்.

மங்கையற்கரசியை அவன் கடைசியாகக் கண்டு நாலு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதற்கு முன் அவர்கள் ஒன்றாக வாழ்ந்தது இரண்டு வருடம்கூட இல்லை. அவன் வெளிக்கிட்ட பிறகு அவள் அவனுடைய அக்கா பாலேஸ்வரியோடு இருந்தாள். தாயில்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் பாலேஸ்வரி. விமான நிலையத்தில் அவன் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"அக்கா எப்பிடி?"

"இருக்கிறா," என்று சொல்லிவிட்டு மங்கையற்கரசி குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேலாகியும் அவள் கதைக்கவில்லை. சமைத்தாள், கூட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவன் வேலையால் வரும்போது முழித்திருந்து சோறு போட்டாள். இடைக்கிடை எதையோ சொல்ல வருகிறவள்போல அவனைப் பார்ப்பாள். அவன் என்ன என்றால், தேத்தண்ணி வேணுமோ என்பாள். தான் அனுப்பிய படங்களில் இருந்த ஆளுக்கும் தனக்கும் இடையில் என்ன குறையைக் கண்டாளோ என்று பத்மநாதன் யோசித்தான். கோப்பை கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்களை அவள் பார்ப்பதை அவன் கவனித்திருந்தான்.

அவனுக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ரவர். அங்கே ஏறிய பிறகும் வாயை மூடிக்கொண்டு இறங்கிய ஆள் இதுவரை இல்லை.

அதற்காகவே அவன் வசந்தத்தில் சென். ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் பத்தொன்பதாம் மாடியில் தெற்குப் பக்கம் பார்த்த வீடாகக் கேட்டு வாடகைக்கு எடுத்திருந்தான். வீடு பார்க்க வந்த அன்று பல்கனியில் நின்றால் ரவரின் வட்ட மாடம் முழுதாகத் தெரிந்தது. இடையில் ஒரு புதுக் கட்டடம் உச்சியில் கிரேனோடு ஏறிக்கொண்டிருந்தது. கோடை முடிகிறபோது மாடம் அதன் பின்னால் போய், மேலே உள்ள ஊசி மட்டும் தெரிந்தது. ஊசி தெரிகிறதுதானே என்று அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சாப்பிடும்போது துணி கட்டுகிற விஷயத்தைச் சொன்னான். முதல் தடவையாக அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவ்வளவு தூரத்திலை நிறம் வடிவாத் தெரியுமோ?"

"அந்தக் கண்ணாடியிலை தெரியும். சிவப்பெண்டால் கட்டாயம் தெரியும்."

"வேற நிறமெண்டால்?"

"அதுவும் தெரியும்தான். நீர் சிவப்பாப் பாத்துக் கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். மனைவி ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்ற சந்தோசத்தில் பத்மநாதன் இன்னொரு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் அவன் கமெராவுக்குப் பிலிம் வாங்கக் கீழே இறங்கினான். அவள் துணியைக் கட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசல் வடக்குப் பக்கம். அங்கிருந்து அவர்களுடைய பல்கனி தெரியாது.

ரவரின் எலிவேற்றரில் கிளடிஸ் நின்றாள். ஜமேக்காக்காரி; ஏறுகிறவர்களுக்கு உயரத்தையும் வேகத்தையும் ஒப்புவிப்பது அவள் வேலை. பத்மநாதனைக் கண்டதும் ஒப்புவிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எங்கே போயிருந்தாய் இவ்வளவு நாளும்? இது யார், இன்னொரு கசினா?"

அவன் கூட்டிவருகிற எல்லாரையும் கசின் என்றே அவளுக்குச் சொல்லியிருந்தான்.

"இல்லை. மனைவி."

"அப்படியென்றால் உன் கசின்களில் இவள்தான் நல்ல வடிவு," என்று கிளடிஸ் சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மங்கையற்கரசிக்கு விளங்கவில்லை. பத்மநாதன் மொழிபெயர்த்துச் சொல்லக் கூச்சப்பட்டான்.

மேலே வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அவன் வழக்கமான இடத்தில், ஏரிப் பக்கத்தில் தொடங்கினான்.

"அங்காலை, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கோடு மாதிரித் தெரியுது பாரும், அதுதான் அமெரிக்கா. விசா இல்லாமல் அமெரிக்காவைப் பாக்கிறதெண்டால் இஞ்சை நிண்டுதான் பாக்கலாம்."

அவள் பார்த்தாள்.

"நேரை கீழை கட்டுறது ஒரு விளையாட்டு மைதானம். மழை வந்தால் கூரையை இழுத்து மூடுவினமாம். நாங்கள் சட்டியை மூடுறமாதிரி."

"இதை எல்லாருக்கும் சொல்லுறனீங்களோ?"

கேலியாக அவள் கேட்கவில்லை. நாலு வருடமாகச் சேர்த்து வைத்த பகிடி எல்லாம் வேறு ஆட்களுக்காகச் செய்தவை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் பெண்சாதிக்கென்று சொல்ல அவனிடம் தனியாக ஒன்றும் இல்லை.

"வாரும், எங்கட வீட்டைக் காட்டுறன்," என்றான்.

வடகிழக்குப் பக்கத் தொலைநோக்கியில் காசைப் போட்டுக் குனிந்தான். பாதை அவனுக்குப் பாடம். நகரசபையின் இரண்டு வளைந்த கட்டடங்களில் தொடங்கி, வலப்பக்கம் திரும்பி, ஒரு தேவாலயக் கூர், ஒரு மரக்கூட்டம், அதற்கு மேல் வரிசையாக நிற்கும் சென். ஜேம்ஸ் ரவுண் மாடிகள். ஆனால் பாதை பாதியில் நின்றது. செங்கல் நிறத்தில் ஒரு பெரிய சுவர். ஜன்னல்கள் போடாத மாடிகள், உச்சியில் கிரேன், மஞ்சள் தொப்பியோடு நடமாடும் ஆட்கள். அவன் கண்ணாடியை இடப்பக்கம் திருப்பினான். சென். ஜேம்ஸ் ரவுணின் முதல் இரண்டு மாடிவீடுகள் தெரிந்தன. வலப்பக்கம் திருப்பினான். கடைசி ஒன்று தெரிந்தது. நடுவில் நின்றது அவர்களுடையது.

"தெரியுதோ?" என்றாள் மங்கையற்கரசி.

"பொறும்."

அடுத்த தொலைநோக்கிக்குப் போனான். அதற்கடுத்ததற்கும் போனான். முட்டுக்காலில் நின்று பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம் வேறு இடத்துக்குப் போனது.

"வடிவாப் பாருங்கோ," என்றாள் அவள். குரலில் ஒரு அவசரம் இருந்தது. "கம்பி நீளத்துக்குக் கட்டினனான். தெரியத்தான் வேணும்."

"புதுக் கட்டடம் ஒண்டு வந்து மறைச்சுப்போட்டுது."

"கொஞ்சமும் தெரியேல்லையோ? ஒரு மூலையாவது?"

அவன் நிமிர்ந்தான். போட்ட காசு முடிந்து தொலைநோக்கிக்குள் மூடி விழுந்த சத்தம் கேட்டது. இத்தனை பேருக்கு வீட்டைக் காட்டியவன், சொந்த மனிசிக்கு ஒரு சுவரைக் காட்டினேன் என்று நினைக்க முகம் சுட்டது.

"இல்லை. நான் முதலே யோசிச்சிருக்கவேணும். பறுவாயில்லை, நாங்கள் இன்னொரு நாளைக்கு..."

"நான் சிவப்புக் கட்டேல்லை," என்றாள் மங்கையற்கரசி.

"வீட்டிலை இல்லையோ? சொல்லியிருந்தால் வாங்கியிருக்கலாமே."

"வெள்ளை கட்டினனான்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஊரில் செத்தவீட்டுக்குத்தான் வெள்ளை கட்டுவார்கள்; ஒழுங்கை முகப்பில் அது கட்டியிருந்தால், என்ன விசேஷம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு சொல்லைத்தான் கேட்பார்கள். பத்மநாதனும் அதையே கேட்டான்.

"ஆர்?"

"அக்கா."

பக்கத்தில் ஒரு பிள்ளை கண்ணாடியில் நெற்றியை முட்டி ஊதிக்கொண்டு நின்றது. தாய் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்ப?"

"மாசியிலை. காய்ச்சல். ஊரடங்கு போட்டிருந்தது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேலாமல் போச்சு. என்ர மடியிலைதான்."

"அக்கா சுகமெண்டு எழுதினீர்."

"எழுதச் சொன்னவை. தனிய இருக்கிற மனிசனுக்குக் கடிதத்திலை சொல்லக்கூடாது, நீ போய்ப் பக்கத்திலை நிண்டு சொல்லு எண்டு சித்தப்பா சொன்னவர். எனக்கு வாயாலை வரேல்லை. கேட்ட உடனை இருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன். பிறகு ஒவ்வொரு நாளும்... நீங்கள் துணியைப் பற்றிச் சொன்னாப்போலை, அதைக் கண்டால் உங்களுக்கே விளங்குமெண்டு நினைச்சன்."

அவன் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இஞ்சை ஆருக்குத் தெரியும்?"

"தியாகலிங்கத்தாற்றை தாய்தான் குளிப்பாட்டினவ. அவருக்கு அந்தக் கிழமையே தெரியும். ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டு அவரிட்டைச் சொல்லி விட்டது. எல்லாருக்கும் தெரியுமாக்கும்."

வெங்காயம் வாங்காமல் போனவனின் முதுகு அவனுக்கு நினைவில் வந்தது.

"கொஞ்சம் நில்லும்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வட்டத்தைச் சுற்றி நடப்பதைத் தவிர அங்கே போக வேறு இடமில்லை. கிழக்கே ஒஷாவாப் பக்கம் புகை மண்டியிருந்தது. அங்கே அவன் கூட்டிவந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். வடக்கே றிச்மண்ட் ஹில் போகும் தெரு நூல்போல ஓடியது. அதன் ஓரத்தில் இரண்டு குடும்பங்கள். மேற்கே, விமானங்கள் இறங்குகிற திசைக்கு அப்பால், தியாகலிங்கம். அவர்களுக்கு இந்த இடத்தில் நின்றுதான் அவன் வீடு காட்டினான். அவர்கள் எல்லாரும் அங்கங்கே இருந்துகொண்டு ஆறு மாதமாக அவனுக்குச் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார்கள். அவனைக் கண்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று காணாமலே விட்டிருக்கிறார்கள். தனியாக இருப்பவனுக்குச் சொல்லக்கூடாது என்று நினைத்து.

சுற்றி முடித்து வந்தபோது மங்கையற்கரசி அதே இடத்தில் நின்றாள். கண் காய்ந்திருந்தது.

"அந்தியேட்டிச் சடங்கு?"

"எல்லாம் செய்தது. சித்தப்பாவின்ரை மகன் கொள்ளி வைச்சவர்."

"நீர் அழுது முடிச்சிட்டீர்."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவள், "ஓம்," என்றாள். "நான் முடிச்சிட்டன்."

பொய் சொல்லாமல் அவள் சொன்ன அந்தப் பதில் அவனுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதே நேரம் எல்லாரும் எழும்பிப் போன செத்தவீட்டுக்குத் தான் மட்டும் பிந்தி வந்து சேர்ந்ததுபோலவும் இருந்தது. இறங்கும்போது கிளடிஸ் படம் எடுத்தீர்களா என்று கேட்டாள். கமெரா தோளில் உறையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கவேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பு முன்னரே அவன் பஸ்ஸை விட்டு இறங்கினான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தெற்குப் பக்கத் தெருவால் நடந்து வந்து, நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தான். பத்தொன்பதாம் மாடியில் வெள்ளைப் பெட்சீற் ஒன்று கம்பி நீளத்துக்குக் கட்டியிருந்தது. காற்றில்லாமல் தொங்கியது. தொலைநோக்கி எதுவும் தேவையில்லை. சும்மா நின்று பார்த்தாலே தெரிந்தது.

இரண்டு கையிலும் கடைப் பையோடு ஒரு பெடியன் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கோடை வெயிலில் குளிர்கால யாக்கெற் போட்டிருந்ததால் வந்து கன நாளாகவில்லை என்று தெரிந்தது. முன்னே பின்னே கண்ட முகமில்லை. அவர்கள் பார்க்கிற திசையில் அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு நின்றான்.

"ஆர் அண்ணை?"

"என்ர அக்கா," என்றான் பத்மநாதன்.

"எப்ப?"

மங்கையற்கரசி வாயைத் திறந்தாள். அதற்கு முன் பத்மநாதன் சொன்னான்.

"இண்டைக்கு."

பெடியன் பைகளைத் தரையில் வைத்தான். கட்டிய கையோடு நின்றான். பிறகு, "எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது அண்ணை, வந்து ரெண்டு கிழமைதான்," என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னான். "பால் வாங்கினனான், வைச்சிட்டு வாறன். எத்தினையாம் மாடி?"

பத்மநாதன் கையை உயர்த்திக் காட்டினான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.