மன்னரின் காலி வண்டி

அப்பாவின் அமைச்சர் அங்கியை முதுகுப் பக்கம் நடுவாக வெட்டிக்கொண்டிருந்தாள் ஒட்டிலி. தங்கச் சரிகை கத்திரிக்கோலுக்கு மசியவில்லை. விறைத்துப்போன உடம்பில் மாட்ட வேறு வழியும் இல்லை.

"என்னடி சத்தம்?"

சவப்பெட்டியின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அடெல்குண்ட அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை.

"நூல் வெட்டறேம்மா."

"வண்டி வந்துச்சா?"

காலையிலிருந்து ஏழாவது தடவை.

ஹோஹென்லிண்ட் நாட்டில் பெரிய மனிதர் யார் செத்தாலும் மன்னர் நேரில் வரமாட்டார். நாலு குதிரை பூட்டிய தன் வண்டியைத் திரை இழுத்துக் காலியாக அனுப்புவார். சவ ஊர்வலத்தின் பின்னால் அது போனால் மரியாதை. போகாவிட்டால், செத்தவர் யாரோ.

"அது வராம மூடியைச் சாத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

மணி ஒன்பதரை. பத்துக்குப் பாதிரியார் கல்லறையில் நிற்பார்.

அப்பா காட்ஹோல்ட் ரிட்டராவ் பதினோரு வருடம் உள்துறை அமைச்சராக இருந்தவர். தினமும் காலையில் அதே அரண்மனை வண்டி வாசலுக்கு வந்து அழைத்துப் போகும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. கலகம் செய்த நெசவாளிகள் பதினான்கு பேரைச் சுட்டுக்கொல்ல உத்தரவு. அமைச்சர் கையெழுத்து இல்லாமல் செல்லாது.

"கை நடுங்குது, மன்னரே" என்று பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்த அமைச்சர் வருவதற்குள் மன்னரின் கோபம் ஆறி, தண்டனை சிறையோடு நின்றது. ஆனால் மறுநாள் வாசலுக்கு வண்டி வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

"ஒரே ஒரு கையெழுத்து" என்று அம்மா முனகினாள். "போட்டிருந்தா இந்நேரம் தெருவை அடைச்சு வண்டி நிக்கும்."

அங்கியை மாட்டி முடித்த ஒட்டிலி, விடுவிடுவென்று படியிறங்கினாள். வாசலில் டாக்டர் சைஃபர்ட்.

"டாக்டர், உங்க வண்டி வேணும். காலியா. திரை இழுத்து."

அவர் மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். புரிந்துவிட்டது.

"என் கிழட்டுக் குதிரைக்கு இப்படி ஒரு பதவி உயர்வா? எடுத்துக்கோ. நான் நடந்து வர்றேன்."

வண்டிக்காரன் வென்சல்தான் தயங்கினான். "சின்னம்மா, அரண்மனைக் குதிரை இந்த மாதிரி இருமாதே."

"நீ வாயைத் திறக்காம இரு, போதும். தெருமுனைக்குப் போயி திரும்பி வா."

அவள் மாடியேறுவதற்கும் கல்தெருவில் சக்கரம் உருள்வதற்கும் சரியாக இருந்தது.

"வந்துடுச்சும்மா."

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"எத்தனை குதிரை?"

"நாலு."

அம்மாவின் கை பெட்டிக்குள் தடவிப்போய் அப்பாவின் வலது கையைக் கண்டுபிடித்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

"மூடச் சொல்லு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள்.

"ஒட்டிலி."

"என்னம்மா?"

"அந்த ஒத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் ஓட்ஸ் போடச் சொல்லு. கல்லறை மேட்டுல ஏறணும், பாவம்."

ஒட்டிலி ஜன்னலைத் திறந்து சொல்லி அனுப்பினாள். அப்படியே நின்றாள்.

தெருமுனையில் நெசவாளிகள் இருபது முப்பது பேர். சவ வண்டி வந்ததும் தொப்பியைக் கழற்றினார்கள். பின்னாலேயே திரை இழுத்த காலி வண்டி வந்தது. குதிரை நின்று, பலமாக ஒருமுறை இருமிவிட்டு நடந்தது.

வண்டி திருப்பத்தில் மறையும் வரை யாரும் தொப்பியைப் போடவில்லை.