இனிஷியல் இல்லாத சூர்யநாராயணன்

"டேய் சூரி, நீ செத்துப் போய் ஏழு வருஷமாச்சாமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கேட்டைத் திறக்கும்போதே கத்திக்கொண்டு வந்தார் கிட்டு. சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்த வியர்வைகூட இன்னும் காயவில்லை. நண்பன் எழுதிய பாட்டைப் போனில் தேடியிருக்கிறார். பாட்டோடு மரணத் தேதியும் வந்திருக்கிறது. காபி குடித்துக்கொண்டிருந்த சூர்யநாராயணனுக்குப் புரையேறியது. உள்ளே லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்த மருமகள் மிருதுளா அவசரமாக மாமனாரின் பக்கத்தைத் தேடித் திறந்தாள். ஏனென்றால் அவரைக் கொன்றது அவள்தான்.

பல இணையதளங்களில் சிதறிக் கிடக்கும் சினிமாத் தகவல்களைத் தன் ஆபீஸ் தளத்தில் ஒன்றோடொன்று கோப்பது அவள் வேலை. அதில் நம்மவர்களின் இனிஷியல் படுத்தும் பாடு சொல்லி மாளாது. ஒரு தளத்தில் முன்னால் நிற்கும். இன்னொன்றில் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக நீண்டு குடும்பப் பெயராகவே ஆகிவிடும். போதுமடா சாமி என்று இனிஷியலை வெட்டிவிட்டு, தொழிலும் பெயரும் பிறந்த வருஷமும் பொருந்தினால் ஒரே ஆள் என்று விதி போட்டாள். ஆபீசில் பாராட்டுகூடக் கிடைத்தது. அந்த விதிதான், தாம்பரத்தில் பாங்க் வேலை பார்த்துக்கொண்டே ஒரே ஒரு படத்துக்கு ஒரே ஒரு பாட்டு எழுதிய தி. சூர்யநாராயணனை, நூற்றுக்கணக்கில் எழுதிவிட்டு மறைந்த ம. சூர்யநாராயணனோடு ஒட்டிவைத்துவிட்டது.

"சாரி மாமா, இப்பவே சரி பண்ணிடறேன்."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பாட்டுப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவருடையது. அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு நாள் இருக்கட்டுமேம்மா. பெரிய வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்கு."

மிருதுளாவுக்கு மனசு கரைந்துபோனது. பெண் பார்க்க வந்த அன்று, சமைப்பாயா என்று கேட்காமல், என் பாட்டைக் கேட்டிருக்கிறாயா என்று கேட்ட மனிதர். கேட்டிருக்கிறேன் என்று அன்று கூசாமல் பொய் சொன்னாள். அப்புறம் தேடிக் கேட்டபோது, பாட்டு நிஜமாகவே நன்றாக இருந்தது. அவள் மீட்டிங்கில் இருந்தால் மிக்ஸி சத்தம் வராமல் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். இரண்டு பேரையும் பிரித்தால், தளத்தில் அவர் பக்கத்தில் ஒரே ஒரு வரி மிஞ்சும். வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த பெருமை இவ்வளவுதானா என்று அவரே பார்க்கும்படி ஆகிவிடும். அந்த ஒற்றை வரியை அவர் கண்ணில் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மறுநாள் தளத்துக்கு ஒரு புகார் வந்தது. ம. சூர்யநாராயணனின் மகள் எழுதியிருந்தார். மிருதுளா மாமனாரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்: "அப்பா எழுதாத ஒரு பாட்டு அவர் பக்கத்தில் இருக்கிறது. நல்ல பாட்டுதான். ஆனால் அப்பாவுடையது இல்லை."

அவர் திரைப் பக்கம் குனிந்தார்.

"நல்ல பாட்டுன்னா போட்டிருக்கு?"

"ஆமா மாமா."

"இன்னொரு தடவை படி."

படித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"பிரிச்சிடும்மா. அந்தப் பொண்ணோட அப்பாவ அதுகிட்டக் குடுத்துடு. எங்கப்பாவையும் என் பேருக்கு முன்னாடி வெச்சிடு, பாவம்."

அன்றே பழைய விதியைத் தூக்கிப்போட்டாள். இனி பெயரை நம்பிக் கோப்பதில்லை. ஆளுக்கு ஒரு எண், அதை வைத்துத்தான் எல்லாம். பிரித்து முடித்ததும் அவர் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒரு பெயர், ஒரு எண், ஒரு பாட்டு. மீதியெல்லாம் வெள்ளை. அவள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நம்பர் மாறாதா?"

"மாறாது மாமா. படத்துக்கே பேரை மாத்தினாலும் மாறாது."

"நான் போனப்புறம்?"

"அப்பவும் உங்களுதுதான். வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

அவர் எழுந்து போனார். அவளுக்கு அன்று வேலையே ஓடவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டது. செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டபடி தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மெட்டு அதேதான். சொற்கள்தான் புதிதாக இருந்தன: "நாலு... ஒண்ணு... ஏழு... ஏழு..." வரி முடிவில் மெட்டுக்கு ஓர் இலக்கம் குறைந்தது. அந்த இடத்தை 'ம்ம்' என்று இழுத்து நிரப்பிக்கொண்டு, அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.