தரையில் படாத கால்

1938, ஆடி மாதம். மண்ணூர்பேட்டையில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், கரகம் எடுக்க வேண்டிய வேம்புலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். சிறுநீர் ரத்தமாகப் போயிற்று. மதியத்துக்குள் இடது விலாவுக்குக் கீழே வீங்கி, முகம் வெளுத்துவிட்டது.

அம்பத்தூரிலிருந்து வந்த டாக்டர் கோதண்டம் நாடி பார்த்தார். "குண்டிக்காயில, அதான் சிறுநீரகத்துல, கல். கல்லுன்னா வலிக்கும், அது சகஜம். இவனுக்கு ரத்தம் கசிஞ்சு குண்டிக்காயைச் சுத்தித் தேங்குது. இதை நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். உடனே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"காப்புக் கட்னவன் எல்லையத் தாண்டக் கூடாது," என்றார் ஊர்ப் பெரியவர் எத்திராஜ். கொடியவர் அல்லர். முன்பு ஒருவன் தாண்டிய வருடம் ஊரில் அம்மை வார்த்ததை அவர் மறக்கவில்லை.

"காப்பை அறுத்துட்டா?" என்றார் டாக்டர். எல்லோரும் பார்த்த பார்வையில் அவர் பையை மூடத் தொடங்கினார்.

வேம்புலியின் மனைவி அங்கம்மா முன்னே வந்தாள். "நைனா, இந்தாளு செத்தா சுடுகாடும் எல்லைக்கு அந்தாண்டதான் கீது. அப்போ இன்னா பண்ணுவே?"

எத்திராஜ் வெகுநேரம் யோசித்தார். ஊர் மண்ணின் மேல் இருப்பவன் ஊரில்தான் இருக்கிறான் என்று தீர்ப்பானது. கோயில் வாசலிலிருந்து பதினாறு கூடை மண் மாட்டு வண்டியில் கொட்டப்பட்டது. பாய் விரிக்கக்கூட விடவில்லை. குலுங்காமல் போக இதைவிட நல்ல மெத்தை கிடைக்காது என்றார் டாக்டர்.

"அங்க போனா கால் தரையில படக் கூடாது," என்று சொல்லி அனுப்பினார் எத்திராஜ்.

பட்டணத்துப் பெரிய டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார். பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது. கசிவு தானே நின்றால் கத்தி வேண்டாம். நிற்காவிட்டால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும். வலிக்கு ஊசி போட்டு, மணிக்கொரு தரம் நாடி பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் வேம்புலி கெஞ்சினான். "ஒரே ஒரு தபா எயுந்து வெளிய போய்ட்டு வந்துடறேன் புள்ளே. இந்தப் பாத்திரத்துல எனக்கு வர்ல."

"டாக்டரு சொன்னாத்தான் கேக்க மாட்டே. அம்மன் பாத்துகினு கீறா."

அவன் அசையாமல் படுத்தான்.

ஐந்தாம் நாள் சிறுநீர் தெளிந்தது. வீக்கமும் வற்றத் தொடங்கியது. கத்தி தேவைப்படாது, கல்லைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அன்று மாலை எத்திராஜ் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"கால் தரையில பட்ச்சா?"

"படல நைனா," என்றாள் அங்கம்மா. "உன் கையிலயும் காப்பு கீதே. நீ எப்டி வந்தே?"

எத்திராஜ் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நவுரு," என்றார்.

"நவுரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு," என்றான் வேம்புலி.