பாலத்தில் ஒரு குதி

பள்ளியில் பெயர் கூப்பிட்டால் எனக்குக் குரல் எழும்பாது; ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். ஆன்லைன் விளையாட்டில் எங்கள் குழுத் தலைவர், நிஜத்தில் லாரி ஓட்டும் 'லாரி அண்ணன்'. அசுரன் குகையின் பாலத்தில் அவர் மைக்கில் ஆள் எண்ணும்போது, என் வீராங்கனையை ஒருமுறை குதிக்க வைப்பேன். அவருக்கு அது போதும்.

விளையாட்டிலிருந்து எடுத்துவிட்ட அந்தக் குகையை ஆறு வருடம் கழித்து மறுபடி திறந்தார்கள். சுவரில் எரிந்த பந்தங்கள்கூட அப்படியே இருந்தன. பாஸ்வேர்டு மறந்துபோனதால் புதுப் பெயரில் நுழைந்தேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை.

பாலத்தில் அண்ணன் நின்றார். "நம்ம ஊமைச்சாமி எங்கப்பா?"

"அவ எப்பவோ போயிட்டாண்ணே. வாங்க, அசுரன் காத்துட்டிருக்கான்."

"இருக்கட்டும். அவனுக்கு வேற என்ன வேலை?"

நான் குதித்தேன்.

"அட, வந்துட்டா!"

சந்தோஷத்தில் இன்னொரு முறையும் குதித்துவிட்டேன்.

"ஒரு தடவ போதும்மா," என்றார் அண்ணன். "ஆள் எண்ணிக்கை கூடிடும்."